ஒரு சாண் விளிம்பு

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கடற்கரையில் பெம்ப்டன் என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டி வடக்கே நடந்தால், வயல் முடியும் இடத்தில் நிலமும் முடிந்துவிடுகிறது. கீழே ஏறக்குறைய நூறு மீட்டருக்குச் செங்குத்தான வெள்ளைச் சுண்ணப்பாறை. அதன் அடியில் வடகடல். மே மாதக் கடைசியில் இந்த இடத்தை நெருங்கும்போது ஒரு பறவைகூடக் கண்ணில் படுமுன்பே எச்சத்தின் அமோனியா நெடி மூக்கில் ஏறும். அடுத்து இரைச்சல். ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து எழும் உறுமலும் கீச்சலும் பாறையில் மோதி மேலே வரும். பார்வை மேடையின் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால்தான் இத்தனை சத்தமும் யாருடையது என்று புரியும். பாறைச்சுவர் முழுக்கப் பறவைகள். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இங்கே வந்துபோகும் கடற்பறவைகள் சுமார் ஐந்து லட்சம்.

இந்தப் பாறை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடியில், நுண்ணிய பாசிகளின் சுண்ணத் தகடுகள் படிந்து படிந்து உருவானது. தென் இங்கிலாந்தின் டோவர் பாறையும் இதே வகைதான். ஆனால் யார்க்‌ஷர் சுண்ணப்பாறை அதைவிடக் கடினம். அலையும் உறைபனியும் அரிக்கும்போது அது முழுச்சுவராகச் சரிவதில்லை. அடுக்கடுக்காகப் பெயர்ந்து, குறுகிய விளிம்புகளை மிச்சம் வைக்கிறது. பல விளிம்புகள் ஒரு சாண் அகலம்தான் இருக்கும். நரி ஏற முடியாது, கீரியைப் போன்ற சிறு திருடர்கள் எட்ட முடியாது. காலடியிலேயே கடல், கடலில் மீன். ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழிக்கும் பறவைகள் நிலத்துக்கு வந்தே தீர வேண்டிய ஒரே வேலை முட்டையிடுவது. அதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது.

பாதுகாப்புக்கு விலை உண்டு. அந்த ஒரு சாண் அகலம் பறவையின் முட்டையையும் குஞ்சையும் குணத்தையும்கூட மாற்றி அமைத்திருக்கிறது. பெம்ப்டனில் பஃபின் உண்டு, ரேசர்பில் உண்டு, வாயிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயைப் பீய்ச்சி எதிரியை விரட்டும் ஃபுல்மர் உண்டு, இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த சிறகு விரிப்புள்ள கேனட் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இந்த அத்தியாயத்தில் முக்கியமாக இரண்டே பறவைகளைப் பார்க்கப்போகிறோம்: கில்லிமாட், கிட்டிவேக். ஒரே பாறையில் அருகருகே வாழ்ந்துகொண்டு, ஒரே சிக்கலுக்கு நேரெதிரான இரண்டு விடைகளைக் கண்டவை இவை.

கில்லிமாட் கூடு கட்டுவதில்லை. ஒரு புல் நறுக்கையோ கடற்பாசித் துண்டையோ வைப்பதுமில்லை. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. தாயின் எடை ஒரு கிலோவுக்குள்தான். முட்டை மட்டும் சுமார் 110 கிராம். கோழி முட்டையைப் போல இரண்டு மடங்கு. அடிப்பக்கம் அகன்று, மறுபக்கம் நீண்டு கூம்பிய வடிவம். முட்டையைக் கால்களுக்கிடையே வைத்து, வயிற்றின் சூடான தோல்திட்டை அதன்மேல் அழுத்தி, பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கின்றன. ஏறக்குறைய 32 நாள்.

முறை மாறும் நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் பைனாகுலரில் பிடித்துப் பாருங்கள். கடலிலிருந்து வந்த பறவை கூட்டத்தின் நடுவே வந்து விழுகிறது. அக்கம்பக்கத்து அலகுகள் நாலாபுறமும் கொத்துகின்றன. கொத்து வாங்கிக்கொண்டே நகர்ந்து துணையிடம் சேர்கிறது. இரண்டும் குனிந்து, உறுமி, ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிக்கொள்கின்றன. அடைகாத்துக்கொண்டிருந்தது எழுந்திருக்க மனமில்லாததுபோல் தயங்குகிறது. பிறகு மெல்ல விலக, முட்டை ஓரிரு நொடி வெட்டவெளியில் தெரிகிறது. நீலப்பச்சை ஓட்டில் கருமையான கிறுக்கல்கள். வந்த பறவை அலகால் அதைத் தன் காலடிக்கு இழுத்துக்கொள்கிறது. பார்ப்பவருக்குத்தான் அந்த ஓரிரு நொடியில் மூச்சு நின்றுபோகும்.

அந்த முட்டை ஏன் உருண்டு விழுவதில்லை? வெகுகாலம் சொல்லப்பட்ட விடை: கூம்பு வடிவம் இருப்பதால் அது நேராக உருளாமல் வட்டமடித்து நின்றுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே கரு வளரும் முழு எடை முட்டை போடும் வட்டம் பல விளிம்புகளின் அகலத்தைவிடப் பெரிது. 1972 முதல் வேல்ஸ் கரையோரத்து ஸ்கோமர் தீவில் கில்லிமாட்களை ஆராய்ந்து வரும் டிம் பர்க்ஹெட்டும் அவருடைய குழுவினரும் 2018இல் வேறொரு விளக்கம் தந்தார்கள். நீண்டு கூம்பிய முட்டை பாறையில் கிடக்கும்போது அதன் ஓட்டின் நீளமான, ஏறக்குறைய நேரான பகுதி தரையைத் தொடுகிறது. அதனால் சாய்வான விளிம்பிலும் அது முதலிலேயே நகராமல் கிடக்கும். உருளத் தொடங்கிய முட்டையை நிறுத்துவது வேறு, உருளவே விடாமல் வைத்திருப்பது வேறு. இரண்டாவதே நடக்கிறது என்பது அவர்கள் வாதம். அகன்ற முனையை எச்சத்தின் அழுக்கிலிருந்து விலக்கி வைக்கவும் இந்த வடிவம் உதவலாம் என்று அதே குழு முன்பே எழுதியிருந்தது. விவாதம் முடிந்துவிடவில்லை என்றாலும், சாய்ந்த பாறையில் வைத்துச் சோதித்துப் பார்த்த விளக்கம் என்பதால் நான் சாய்வு விளக்கத்தின் பக்கம்தான் நிற்பேன்.

முட்டையின் நிறம் இன்னும் வியப்பு. வெள்ளை, நீலம், பச்சை, பழுப்பு; அவற்றின்மேல் புள்ளி, திட்டு, கோடு, கிறுக்கல். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒரே தாய் ஆண்டுதோறும் இடும் முட்டைகள் மட்டும் ஒன்றுபோலவே இருக்கும். கூடு இல்லாத நெரிசலில் எது யாருடையது என்று தெரிய வேறு வழி ஏது? ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் பெயாட் சான்ஸ், நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் செய்த சோதனைகளில் கில்லிமாட் தன் முட்டையை அடையாளம் கண்டுகொள்கிறது என்று காட்டினார். இன்னும் ஒரு படி போனார். முட்டைக்குள் குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கும் நாள்களிலேயே பெற்றோரின் குரலை அது கற்றுக்கொள்கிறது. அடைகாப்புப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட குரலைக் கேட்டு வளர்ந்த குஞ்சுகள், பொரித்ததும் அதே குரலை நோக்கித்தான் போயின.

இந்த அழகே முட்டைகளுக்கு வினையாகவும் வந்தது. பெம்ப்டன் ஆண்கள் நான்கு பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, ஒருவரை மட்டும் கயிற்றில் இறக்கி முட்டை எடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். பெரும்பகுதி உணவுக்குப் போனது. வண்ணம் அபூர்வமாக இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஜார்ஜ் லப்டன் என்ற வழக்கறிஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கில்லிமாட் முட்டைகளைச் சேர்த்தார். எல்லாமே இந்த ஒரே பாறையிலிருந்து. முட்டை போய்விட்டால் தாய் சுமார் இரண்டு வாரத்தில் இன்னொன்று இடும். அதே விளிம்பு, அதே வண்ணம். ஆகவே எந்த விளிம்பில் எந்த நிறம் கிடைக்கும் என்று கயிற்றில் இறங்கியவருக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு தாய் ஒரு சீசன் முழுக்க, சில சமயம் பல சீசன்கள், குஞ்சே காணாமல் போனதும் உண்டு.

அதைவிடக் கொடியது துப்பாக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களிலிருந்து ரயிலில் வந்து படகேறி, பாறையில் அடைகாக்கும் பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டார்கள். தொப்பி அலங்காரத்துக்குக் கிட்டிவேக் சிறகுகளை உயிரோடே வெட்டி எடுத்ததும் நடந்தது. மூடுபனியில் பாறை அருகில் இருக்கிறது என்று பறவைகளின் கூச்சல்தான் கப்பல்களை எச்சரிக்கும் என்று மாலுமிகளும் முறையிட்டார்கள். 1869இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை சுடத் தடை. காட்டுப் பறவைகளைக் காக்க அந்த நாட்டில் எழுந்த முதல் சட்டங்களில் இது முன்னோடி. முட்டை எடுப்பது 1954 சட்டத்தோடுதான் நின்றது.

கிட்டிவேக்குக்கு வருவோம். கடற்காகக் குடும்பத்தில் மென்மையான முகமும் கருவிழியும் கொண்ட சிறு பறவை இது. அதன் உறவினர்கள் பெரும்பாலும் தரையில் முட்டையிடுபவை. தரையில் முட்டையிடும் பறவையின் கவலைகள் என்னென்ன என்று பார்க்க நமக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலில் தலைதூக்கி நிற்கும் மணல் தீடைகளில் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. அங்கே முட்டையும் குஞ்சும் மணல் நிறத்தில் புள்ளியிட்டு மறைந்து கிடக்க வேண்டும். சத்தம் கேட்டால் குஞ்சு ஓடிப்போய்ப் பதுங்க வேண்டும். கலந்துபோகும் குஞ்சுகளில் தன்னுடையது எது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். பாறைக்குக் குடிபெயர்ந்த கிட்டிவேக் இந்தப் பட்டியலையே ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டது.

இதைக் கண்டறிந்தவர் எஸ்தர் கல்லன். நடத்தை அறிவியலின் முன்னோடியும் 1973இல் நோபல் பரிசு பெற்றவருமான நிக்கோ டின்பெர்கனின் மாணவி. இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள ஃபார்ன் தீவுகளில் தங்கி, கிட்டிவேக்குகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய கட்டுரை 1957இல் வெளியானது. கையில் பெரிய கருவி எதுவும் இல்லை. பார்த்ததை எல்லாம் தரையில் வாழும் உறவினரோடு ஒப்பிட்டார், அவ்வளவுதான். பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது அந்தக் கட்டுரையைத்தான்.

அவர் கண்டவற்றில் சில. கிட்டிவேக் சேற்றை அலகில் கொண்டுவந்து, காலால் மிதித்துப் பாறையில் ஒட்டி, புல்லும் பாசியும் சேர்த்து ஆழமான கிண்ணமாகக் கூடு கட்டுகிறது. தரைக் கடற்காகங்கள் வழக்கமாக மூன்று முட்டை இடும். இது பெரும்பாலும் இரண்டு. கருந்தலைக் கடற்காகம் குஞ்சு பொரித்ததும் உடைந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் எறிந்துவிடும், உள்ளே தெரியும் வெள்ளை எதிரியை அழைத்துவிடும் என்பதால். கிட்டிவேக் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. கூட்டைச் சுற்றி எச்சம் வெள்ளையாக வழிந்து கிடக்கும். அதைப் பற்றியும் கவலையில்லை. குஞ்சுகள் வெள்ளையும் சாம்பலுமாக, ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் நிற்கின்றன. ஆபத்து வந்தாலும் ஓடுவதில்லை, ஓடினால் விழும். சண்டையில் தோற்கும் குஞ்சு முகத்தைத் திருப்பி அலகை மறைத்துக்கொள்கிறது. அதோடு தாக்குதல் நிற்கிறது. பெற்றோரோ முதல் சில வாரங்களுக்குத் தன் குஞ்சு எது, அயலார் குஞ்சு எது என்றே அறிவதில்லை. கூட்டில் இருப்பது தன்னுடையதாகத்தான் இருக்கும். வேறெந்தக் குஞ்சும் அங்கே நடந்து வர வழியில்லை.

பக்கத்து விளிம்பில் கில்லிமாட் முட்டையையும் குரலையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே கிட்டிவேக் எதையும் அடையாளம் காணத் தேவையில்லாமல் இருக்கிறது. இடையே இருக்கும் வித்தியாசம் ஒரு கைப்பிடிச் சேறு.

கூடு இல்லாத கில்லிமாட்டுக்குச் சுவரும் கூரையும் அயலார்தான். ஒரு சதுர மீட்டரில் இருபது ஜோடிகள்வரை, காலை நேரத்து நகரப் பேருந்தில் நிற்பதுபோல, தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பெரிய கடற்காகம் ஒன்று விளிம்பில் இறங்கப் பார்த்தால் அலகுகளின் வேலிதான் எதிர்நிற்கும். ஸ்கோமரில் பர்க்ஹெட் 1970களில் செய்த ஆய்வில், நெருக்கமாக நின்ற குழுக்களே தளர்வாக நின்றவற்றைவிட அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றின. நெருக்கத்தில் சண்டை வராமலிருக்க வழியும் உண்டு. துணையை மட்டுமல்ல, அயலாரையும் கோதிவிடும் பழக்கம் இவற்றுக்கு இருக்கிறது. ஆண்டுதோறும் அதே இடத்துக்கு, ஓரிரு அங்குலம் பிசகாமல் வருபவை இவை. பக்கத்தில் நிற்பது பத்தாண்டு, பதினைந்து ஆண்டுப் பழக்கமாக இருக்கலாம்.

இந்த உறவு எதன்மேல் நிற்கிறது என்பது 2007இல் ஸ்காட்லாந்தின் ஐல் ஆஃப் மே தீவில் தெரிந்தது. அந்த ஆண்டு இரை கிடைக்கவில்லை. வழக்கமாகத் தாயும் தந்தையும் மாறி மாறிக் கடலுக்குப் போவார்கள். ஒருவர் எப்போதும் குஞ்சோடு இருப்பார். பசியில் இருவருமே போக நேர்ந்தது. தனியே விடப்பட்ட குஞ்சுகள் அருகிலிருந்த பெரியவற்றிடம் ஒதுங்கப் பார்த்தன. அயலார் அவற்றைக் கொத்தினார்கள். பல குஞ்சுகள் கொத்துப்பட்டுச் செத்தன, சில விளிம்பிலிருந்து தள்ளப்பட்டன. எந்த அண்மை கடற்காகத்திடமிருந்து காத்ததோ, அதே அண்மை கொன்றது. பறவைகள் மாறிவிடவில்லை, கடலில் மீன் மாறிவிட்டது. பாறையில் நடப்பதைப் பாறையை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

நெருக்கத்தின் இன்னொரு விலையை 2022இல் கேனட்கள் கொடுத்தன. எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள பாஸ் ராக், உலகின் மிகப் பெரிய கேனட் குடியிருப்புகளில் ஒன்று. 2014இல் அங்கே 75,000க்கும் மேற்பட்ட கூடுகள். பறவைக் காய்ச்சல் புகுந்த பிறகு, 2023 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 52,000. நோயிலிருந்து மீண்ட சில கேனட்களின் வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்தது. அலகு எட்டும் தூரத்தில் அடுத்த கூடு இருக்கும் இடத்தில் வைரஸ் பரவ வேறென்ன வேண்டும்?

ஜூன் நடுவில் கில்லிமாட் விளிம்புகளில் ஒரு பதற்றம் தொடங்கும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும். எடை தாயின் எடையில் கால்பங்கு. பறக்கும் சிறகு இன்னும் முளைக்கவில்லை. பொழுது சாயும் வேளையில் தந்தை கீழே கடலில் இறங்கி அழைக்கும், குஞ்சு விளிம்பில் முன்னும் பின்னுமாக ஓடிக் கீச்சிடும். பிறகு குதிக்கும். குட்டைச் சிறகை விரித்து அடித்துக்கொண்டே, பாதி விழுவதும் பாதி மிதப்பதுமாக இறங்கும். கீழே பாறையில் மோதினாலும் உடல் லேசாக, கொழுப்பும் மென்தூவியும் மூடியிருப்பதால் பெரும்பாலும் எழுந்து நீருக்கு ஓடிவிடும். அங்கே நூற்றுக்கணக்கான தந்தைகள் அழைத்துக்கொண்டிருப்பார்கள். முட்டைக்குள் கற்ற குரல் இப்போதுதான் முழுப் பயனைத் தருகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? கில்லிமாட்டின் சிறகு பறப்பதற்கும் நீருக்கடியில் நீந்துவதற்குமாகச் சமரசம் செய்துகொண்ட சிறகு. நூறு மீட்டருக்கும் கீழே மூழ்க அது உதவுகிறது. காற்றில் அதற்கான விலை கடுமை. அதன் வடதுருவ உறவினரான தடித்த அலகுக் கில்லிமாட்டில் அளந்தபோது, பறக்கும்போது செலவாகும் ஆற்றல் ஓய்வு நிலையைப்போல் 31 மடங்கு என்று தெரிந்தது. இத்தனை செலவு செய்து பறந்துவந்தும் அலகில் ஒரு மீனைத்தான் கொண்டுவர முடிகிறது. வளரும் குஞ்சுக்கு அது போதாது. மீனைக் குஞ்சிடம் கொண்டுவருவதைவிடக் குஞ்சை மீனிடம் கூட்டிப்போவது மலிவு. அடுத்த சுமார் இரண்டு மாதம் தந்தைதான் கடலில் அதை வளர்க்கும். அந்தக் காலத்தில் தன் பறக்கும் இறகுகளையும் ஒருசேர உதிர்த்துவிடுவதால் தந்தையும் பறக்க முடியாமல்தான் இருக்கும்.

இந்தப் பாறைகளுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் ஒரே விளிம்பைத் தேர்ந்துகொள்வது நல்லது. கணக்கெடுப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஜூன் 1 முதல் 21 வரை, காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள், அதே இடத்தில் நின்று அதே பாறைத்துண்டில் உள்ள கில்லிமாட்களை எண்ணுவது வழக்கம். அந்த நாள்களிலும் அந்த நேரத்திலும்தான் எண்ணிக்கை அதிகம் ஏறி இறங்காமல் இருக்கும். கிட்டிவேக்குக்குக் கூட்டையே எண்ணலாம். 2015 முதல் 2021 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரும் கணக்கெடுப்பில், சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கைவிடக் கிட்டிவேக் 42 சதவீதம் குறைந்திருந்தது. கில்லிமாட் ஆழத்துக்குப் போய்த் தேட முடியும். கிட்டிவேக் நீரின் மேற்பரப்பில் கிடைப்பதைத்தான் எடுக்கும். கடலில் குறை வந்தால் முதல் அடி அதற்குத்தான்.

அந்தக் குறையின் பெயர் சாண்டீல். மணலில் புதைந்து வாழும், விரல் நீளமுள்ள, கொழுப்பு மிகுந்த மீன். வடகடல் வெதுவெதுப்பாகிவருவதால் அதன் உணவான குளிர்நீர் மிதவை உயிர்கள் வடக்கே நகர்கின்றன. மீன்தூளுக்கும் எண்ணெய்க்குமாகப் படகுகளும் அதை அள்ளிக்கொண்டிருந்தன. 2024 மார்ச்சில் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் சாண்டீல் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. வெப்பத்தை ஒரு நாட்டின் ஆணையால் குறைக்க முடியாது. வலையை நிறுத்த முடியும். செய்ய முடிந்ததைச் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அதன் விளைவு கூடுகளின் எண்ணிக்கையில் உடனே தெரியாது. கிட்டிவேக் முதன்முதலில் கூடு கட்டச் சராசரியாக நான்கு வயதாகும். தடைக்குப் பின் பிறந்த குஞ்சுகள் பெம்ப்டனுக்குச் சேறு சுமந்துவர 2028 வாக்கில் ஆகிவிடும். அதற்கு முன்பே தெரியக்கூடியது, ஜூலைத் தொடக்கத்தில் ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை குஞ்சு நிற்கிறது என்பது. இரண்டா, ஒன்றா, காலியா என்று எண்ணப் பார்வை மேடையும் ஒரு பைனாகுலரும் போதும்.